வெள்ளம் வடிந்த பின் எஞ்சும் துயரம்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள கீழச்சிவல்பட்டி, கடலையோ பேராற்றையோ அண்டையில் கொண்ட ஊரன்று. கண்மாயும் ஊருணியும் நிறைந்தால் போதும் என்று வானம் பார்த்து வாழும் செட்டிநாட்டுச் சீமையைச் சேர்ந்தது. ஆயினும் அச்சீமையின் நகரத்தார் வீடுகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். தெருவினின்று படிகள் ஏறித்தான் திண்ணையை அடைய வேண்டும். மழைக்கு ஏங்கும் வறண்ட நிலத்தில் இத்துணை உயர்ந்த அடித்தளம் எதற்கு? நகரத்தாரிடையே வழங்கும் மரபுச் செய்தியொன்று இதற்கு விடை தருகிறது. அவர்தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்தவர்கள். கடலின் சீற்றத்தைக் கண்டவர்கள். உள்நாட்டுக்கு வந்த பின்னும் அந்த அச்சம் நீங்காமல் வீட்டின் தளத்தை உயர்த்திக் கட்டினார்கள் என்பர்.

இச்செய்தியை ஆய்வாளர் எவ்வாறு எடை போட்டாலும், அதில் பொதிந்த கருத்தை மறுப்பார் இலர். வெள்ளம் சில நாட்களில் வடிந்துவிடும்; அதன் நினைவு தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். பூம்புகாரைக் கடல் கொண்ட கதையைச் சொல்லும் மணிமேகலைக் காப்பியமும் அங்கே ஒரு தந்தையின் துயரத்தையே முன்னிறுத்துகிறது. கடலில் தன் பச்சிளம் மகனை இழந்த சோழ வேந்தன், அவனைத் தேடும் வேதனையில் இந்திர விழாவை மறந்தான். அதனால் பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது அக்கதை. அக்காரணத்தை நாம் ஏற்க வேண்டுவதில்லை. எனினும், ஆற்றுவாரின்றி விடப்பட்ட ஒருவரின் துயரம் ஓர் ஊரையே பாதிக்கக்கூடும் என்ற குறிப்பு சிந்திக்கத் தக்கது.

வீட்டை உயர்த்திக் கட்டக் கொத்தனார் உண்டு. வீட்டோடு பிள்ளையையும் இழந்தவரின் மனத்தைத் தாங்கி நிறுத்த யார் உண்டு? இந்தக் கேள்விக்கு நம் காலத்து வரலாறு தரும் விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனுஷ்கோடி தந்த பாடம்

1985 வரை கீழச்சிவல்பட்டியும் தனுஷ்கோடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பின், இலங்கைக்குப் பிழைக்கப் போகும் தமிழர்க்குத் தனுஷ்கோடியே வாயிலாயிற்று. ரயிலில் வந்து இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் கரை சேர்ந்து கொழும்புக்குச் சென்ற வணிகர்களில் நகரத்தாரும் இருந்தனர். நம் முஸ்லிம் பெருமக்களும் இருந்தனர். ஆதலின் தனுஷ்கோடியில் நேர்ந்த இழப்பு இச்சீமை முழுவதன் இழப்பாகும்.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு கடும் புயல் அக்கரையைத் தாக்கியது. புயலோடு எழுந்த கடல் வெள்ளம் ஊரைப் புரட்டிப் போட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பயணிகள் ரயில், நிலையத்தை அடையுமுன்னே அலையில் சிக்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 115 பேரும் மாண்டனர். அப்புயலில் மாண்டோர் தொகை 1,800க்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. அரசாங்கம் அவ்வூரை மக்கள் வாழத் தகாத இடம் என அறிவித்தது. தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் எச்சமும் நிற்க, ஊர் அழிந்தது.

பாம்பன் பாலத்தின் உத்திரங்களில் பெரும்பாலானவற்றைக் கடல் அடித்துச் சென்றிருந்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அப்பாலம் சீரமைக்கப்பட்டது. போற்றத் தக்க சாதனை அது. ஆனால், அந்த ரயிலில் மகனை அனுப்பிவைத்த தாயின் உள்ளம் எத்தனை நாட்களில் சீரானது என்று கணக்கிட்டவர் இல்லை. அக்காலத்தில் துயர் நீக்கம் என்றால் அரிசி, துணி, பணம், கூரை என்பதே பொருள். மனத்தின் காயத்துக்கும் மருந்து வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்தாரிடமும் இல்லை; சமுதாயத்தாரிடமும் பெரிதும் இல்லை. 'விதி' என்ற ஒரு சொல்லில் ஆறுதல் முடிந்தது.

துயரத்துக்கு மார்க்கம் தந்த வடிவம்

விதியை நம்புவது நம் ஈமானின் பகுதி. ஆனால் விதியை நம்புகிறவன் அழலாகாது என்று மார்க்கம் கூறவில்லை. திருக்குர்ஆன் காட்டும் நபிமார்களை நோக்குவோம். நூஹ் நபி (அலை) தம் கண்ணெதிரே மகனை வெள்ளத்துக்குப் பறிகொடுத்தார்கள். அம்மகனைக் குறித்து இறைவனிடமே முறையிட்டார்கள். யஃகூப் நபி (அலை) அழகிய பொறுமையை மேற்கொண்டவர்கள். அவர்களே யூசுபை நினைந்து நினைந்து கண்கள் வெளுக்கும் அளவுக்குத் துயருற்றார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள். அருகிருந்த தோழர் வியந்து வினவியபோது, அக்கண்ணீர் இரக்கத்தின் அடையாளம் என விளக்கினார்கள். ஆகவே, 'ஸபூர் செய்' என்று சொல்லி ஒருவரின் வாயை அடைப்பது ஸபூரின் பொருளை அறியாதார் செயல்.

மார்க்கம் துயரத்தைத் தடுக்கவில்லை. அதற்கு ஒரு வடிவம் வகுத்தது. மையித்தைக் குளிப்பாட்டுதல், கபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, நல்லடக்கம் எனக் கடமைகள் வரிசையாக வருகின்றன. மகன் தந்தையின் உடலைக் கபரில் இறக்குகிறான். தன் கையால் மண் இடுகிறான். பிரிந்தார் என்ற உண்மையை அவன் கை முதலில் அறிந்துகொள்கிறது. உள்ளம் பின்னர் அறிகிறது. துக்கம் காப்பதற்கு மூன்று நாட்கள் என்றும், கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்றும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. ஊரார் வந்து தஃஸியத் சொல்கின்றனர். அண்டை வீட்டார் சோறு சமைத்துக் கொடுக்கின்றனர். மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர்தம் குடும்பத்தார் துயரில் இருப்பதால் அவர்களுக்கு உணவு தயாரித்து அனுப்புமாறு நாயகம் (ஸல்) பணித்தார்கள். அடுப்பெரிக்கும் நினைவுகூட இல்லாதவரை முதலில் உண்ணச் செய்ய வேண்டும் என்ற நுட்பமான அறிவு அதில் உள்ளது.

பெருவெள்ளம் வரும்போது இவை யாவும் ஒரே நாளில் சிதறிப் போகின்றன. சோறாக்கித் தர வேண்டிய அண்டை வீட்டாரும் தம் பிள்ளையைத் தேடி அலைகின்றனர். பள்ளிவாசலுக்குள் தண்ணீர் நிற்கிறது. குளிப்பாட்டக் கைகள் இல்லை. சில வேளை குளிப்பாட்ட உடலே இல்லை. பெருவெள்ளத்தின் துயரம் ஏனைய மரணத்துயரினின்று வேறுபடுவது இதனால்தான். துயரமும் பெரிது, அதைத் தாங்கும் வடிவமும் உடைந்து விடுகிறது. அவ்வடிவத்தை வெளியிலிருந்து வருவோர் மீண்டும் கட்டித் தர வேண்டும்.

அடுத்த ஊரே அண்டை வீடு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்திராவுக்கு அப்பால் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, தமிழகக் கரையைத் தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இறந்தவருள் பெண்களும் குழந்தைகளும் மிகுதி.

அன்று கடலூர் மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் ஆற்றிய பணி என்றும் நினைக்கத் தக்கது. சுற்றியுள்ள மீனவக் குப்பங்களிலிருந்து ஓடி வந்த இந்து மீனவ மக்களுக்கு அவ்வூர் முஸ்லிம்கள் தங்க இடம் தந்தனர். பல நாட்கள் உணவளித்தனர். உடல்களை மீட்டு அடக்கம் செய்யவும் தோள் கொடுத்தனர். நாகூரில் உயிர் தப்பி ஓடி வந்தோருக்குத் தர்கா அடைக்கலமாயிற்று. மாண்டோரை மதம் பாராது அடக்கம் செய்ய இடமும் கிடைத்தது. ஜஃபர் (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்ற உணவின் பொருளை உணர்ந்த செயல்கள் இவை. அண்டை வீட்டாரும் துயரில் மூழ்கியபோது, அடுத்த ஊர் அண்டை வீடாயிற்று.

அவசரத்தில் நேர்ந்த ஒரு குறையையும் இங்கே சுட்ட வேண்டும். உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சத்தில், நாகப்பட்டினத்தில் பல உடல்கள் அடையாளம் காணப்படாமலே பெருங்குழிகளில் இடப்பட்டன. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட கையேடு இந்த அச்சத்தைத் தெளிவித்தது. இயற்கைப் பேரிடரில் மாண்டோர் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் பரவுவதில்லை. ஆகவே ஒவ்வோர் உடலையும் படமெடுத்து, எண்ணிட்டு, அடையாளங்களைக் குறித்து, தனித்தனியே புதைக்க வேண்டும் என அது அறிவுறுத்தியது. பிற்காலத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் கபர் இதுவென்று நின்று துஆச் செய்வதற்கு அந்த எண்ணே வழியாகும்.

இந்த அறிவு வீண்போகவில்லை. 2024 ஜூலை 30ஆம் நாள் கேரளத்தின் வயநாட்டில், பெருமழையால் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் புதையுண்டன. அடையாளம் தெரியாத உடல்களும் உடற்பகுதிகளும் புத்துமலையில் ஒரே இடத்தில், தனித்தனிக் குழிகளில், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு அடக்கம் செய்யப்பட்டன. எல்லாச் சமயத்தாரும் நின்று அவரவர் முறையில் பிரார்த்தித்தனர். முன்னரே எடுத்து வைத்த மரபணு மாதிரியால், எண்ணாக இருந்த கபர்களில் பல பின்னர் பெயர் பெற்றன.

உடல் கிடைக்காத மரணம்

கபரே இல்லாதவரின் நிலை என்ன? நீரில் மூழ்கி மாண்டவர் ஷஹீதுகளின் வரிசையில் வைக்கப்படுவார் என்று நபிமொழி கூறுகிறது. உடல் கிடைக்காத தாய்க்கு இதைவிட உயர்ந்த ஆறுதல் உண்டோ? நஜ்ஜாஷி மன்னர் தொலை தேசத்தில் மறைந்தபோது நாயகம் (ஸல்) மதீனாவில் அவருக்காக ஜனாஸாத் தொழுதார்கள். அதை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபினர் காயிப் ஜனாஸாவை ஏற்கின்றனர். ஹனஃபீ மத்ஹபினர் அதனை நிகழ்த்துவதில்லை. தமிழகக் கடற்கரையூர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபீகளும் மிகுந்திருப்பதை நாம் அறிவோம். தொழுகையில் கருத்து வேறுபாடு இருப்பினும், துஆவிலும் ஸதக்காவிலும் இல்லை. ஊர் கூடி, மாண்டவரின் பெயரைச் சொல்லி துஆச் செய்வதற்கு எந்த மத்ஹபும் தடையன்று. அந்தப் பெயர் ஒருமுறை பலர் முன் உரக்கச் சொல்லப்படுவதும் ஒரு பெருமருந்தே.

மரணம் உறுதிப்படாதபோது இன்னொரு சுமையும் சேர்கிறது. கணவன் மாண்டானா, எங்கேனும் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத பெண், இத்தா இருக்கவும் இயலாள். காத்திருப்பதை நிறுத்தவும் இயலாள். காணாமற் போனவரை ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூத்' என்று கூறும். இவ்விஷயத்தில் ஹனஃபீ மத்ஹபின் பழைய தீர்ப்பு மிக நீண்ட காத்திருப்பை விதித்தது. மாலிகீ மத்ஹபு நான்கு ஆண்டு எல்லை வகுத்தது. பெண்களின் அல்லலைக் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி போன்ற ஹனஃபீ ஆலிம்களே மாலிகீ தீர்ப்பை ஏற்க வழிகாட்டினர். அதன் விளைவாகவும் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் பிறந்தது. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாவிடில் மனைவி நீதிமன்றம் சென்று திருமணத்தை ரத்துச் செய்து கொள்ளலாம். தீர்ப்பு ஆறு மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வரும். இடையில் கணவன் திரும்பிவந்து கடமையாற்ற முன்வந்தால் தீர்ப்பு நீக்கப்படும். சட்டம் இறப்பை அனுமானிப்பதற்கோ பொதுவாக ஏழு ஆண்டுகள் செல்ல வேண்டும்.

பேரலையில் போனவருக்கும் இத்தனை ஆண்டு காத்திருப்பதா? இலங்கை நாடாளுமன்றம் 2005இல் தனிச் சட்டம் இயற்றி, ஆழிப்பேரலையில் காணாமற் போனோர்க்கு விரைந்து இறப்புச் சான்று தர வழி செய்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய நம் தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்கள் அடங்கிய அம்பாறை மாவட்டமே அந்நாட்டில் பேரிழப்பைக் கண்டது என்பதை எண்ணுங்கால், அச்சட்டத்தின் அருமை விளங்கும். ஒரு தாள் எத்தனை பெரிய ஆறுதல்! நிவாரணத் தொகைக்கும், சொத்துரிமைக்கும், மறுமணத்துக்கும் அந்தத் தாள்தான் கதவு. அதற்கும் மேலாக, 'அவர் இனி வரமாட்டார்' என்று சொல்லும் கொடிய பொறுப்பை அது மனைவியின் நாவிலிருந்து இறக்கி, அரசாங்கத்தின் மேல் வைக்கிறது.

அருகில் அமரும் மருந்து

1964க்கும் 2004க்கும் இடையே உலகம் ஒன்றைக் கற்றிருந்தது. பேரிடரில் மனக்காயமும் ஆற்றப்பட வேண்டும் என்பதே அது. 1999இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும் புயலின் பின்னர் இத்துறையில் பணியாற்றிய பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையிலும் ஊர்ப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தனர். பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அரசு இல்லங்கள் அமைந்தன. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்து கொண்டபின் பெற்ற பிள்ளைகளை அலைக்குப் பறிகொடுத்த தாய்மார்க்கு, மீண்டும் கருவுற உதவும் அறுவை சிகிச்சைக்குத் தமிழக அரசு உதவியது.

சென்னையில் 1986இல் தோன்றிய 'சினேகா' அமைப்பின் நிறுவனர் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர்தம் சகாக்களும் செய்த ஆய்வு நமக்கு மிகவும் பயன்படுவது. அவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்களை, அலையில் உற்றாரை இழந்தோர் வீடுகளுக்குத் தொடர்ந்து அனுப்பினர். தொண்டர்கள் மருத்துவர் அல்லர். அவர்களின் பணி செவிமடுப்பது, ஆறுதல் கூறுவது, தேவையானபோது வேறு உதவிக்கு வழிகாட்டுவது ஆகியன. ஓராண்டின் பின் பார்த்தபோது, அவர்கள் சென்ற குடும்பத்தார், செல்லாத இடத்தாரைவிட மனத்தளவில் நலமாயிருந்தனர். வருந்துவோர் அருகில் தொடர்ந்து அமர்வதே ஒரு மருந்து என்பது இதனால் புலனாயிற்று.

அருகில் அமர்வதற்கும் முறை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்றை வகுக்கிறது. யார் மிகவும் தளர்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் பேச விரும்பினால் கேட்க வேண்டும். உணவு, மருந்து, உறவினர், அலுவலகம் ஆகியவற்றோடு அவரை இணைக்க வேண்டும். நடந்ததைச் சொல்லுமாறு வற்புறுத்தலாகாது. வந்தவர் ஒவ்வொருவரும் 'எப்படிப் போனது?' என்று கேட்பது புண்ணைக் கிளறுவதாகும்.

பெரும்பாலானோர் மாதங்கள் செல்லச் செல்லத் தேறிவிடுவர். சிலர் தேறார். ஆறு மாதங்களுக்கு மேலாகியும் துயரம் சிறிதும் தணியாமல், உண்ணவும் உறங்கவும் வேலை செய்யவும் இயலாது வருந்துவோரின் நிலையை, 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக நோய் வகைப்பாட்டுப் பட்டியல் தனி நோயாகவே குறித்துள்ளது. இத்தகையோரை 'ஈமான் குறைந்தவர்' என்று பேசுவது பெரும் பாவம். காய்ச்சல் வந்தவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நாம், இவரையும் அழைத்துச் செல்லக் கடமைப்பட்டுள்ளோம். 2022இல் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசினால், தமிழிலேயே பேசி வழிகாட்டுதல் பெறலாம்.

நம் ஜமாஅத்துகள் செய்ய வேண்டுவன

வெள்ளம் இனி எங்கோ பிறர்க்கு நேர்வதென்று எண்ண இடமில்லை. 2023 டிசம்பரில் நம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஓராண்டு மழையை ஒரே நாளில் கண்ட ஊர் அது. அப்படியொரு நாள் வருமுன்னரே ஒவ்வொரு ஜமாஅத்தும் சில ஏற்பாடுகளைச் செய்து கொள்ளலாம்.

முதலாவது, மஹல்லாவில் உள்ளோர் பெயர்ப் பதிவேட்டைச் செவ்வையாக எழுதி, அதன் படியொன்றை வேற்றூர் ஜமாஅத்திடம் கொடுத்து வைத்தல். காணாமற் போனவர் யார் என்பதற்கு அதுவே சான்றாகும். இரண்டாவது, ஆணும் பெண்ணுமாகச் சிலருக்கு முன்சொன்ன பயிற்சியைப் பெறச் செய்தல். இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் சென்று அமரப் பெண் தொண்டரே வேண்டும். மூன்றாவது, இறப்புச் சான்று, நிவாரணம், வாரிசுச் சான்று ஆகியவற்றுக்காக அலுவலகம் ஏறி இறங்க ஒருவரைப் பைத்துல்மால் செலவில் நியமித்தல். நான்காவது, நாற்பது நாளோடு ஆறுதலை முடித்துக் கொள்ளாமை. கூட்டம் கலைந்த பின்னர்தான் வீடு வெறுமையாகிறது. முதற்பெருநாளும் முதலாண்டு நிறைவும் மிகக் கடினமான நாட்கள். அந்நாட்களில் அவ்வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஆள் வேண்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பதிவேட்டுக்கு ஒரு நோட்டும், பயிற்சிக்குச் சில நாட்களும், கதவைத் தட்டச் சிலரின் மாலைப் பொழுதும் போதும். நாற்பத்தாறு நாளில் பாலத்தைக் கட்டத் தெரிந்த நாடு, பாலத்தின் அக்கரையில் காத்திருந்தவரை மறந்தது. அம்மறதி இன்னொரு முறை நம் மஹல்லாவில் நேராதிருக்க, அடுத்த ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் கூடி முதல் பக்கத்தை எழுதத் தொடங்குவார்களாக. அல்லாஹ் அருள் புரிவானாக, ஆமீன்.